திங்கட்கிழமை வயிறு

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை மாலை. பரிசோதனைகள் எல்லாம் குடலில் குறையில்லை என்று கைவிரித்துவிட்ட ஓர் அலுவலகக்காரருக்கு, அக்குபங்சர் மருத்துவர் கடைசி ஊசியைச் செருகினார்.

“கொஞ்சமாவது தேவலையா சார்?”

“ஞாயிறு வரைக்கும் வயிறு சமத்தா இருக்கும்மா,” என்றார் அவர், மெல்லிய குரலில். “திங்கட்கிழமை ஆபீஸ் கூட்டம் தொடங்கினதும் கடமுடான்னு கலக்குது. பாதியில எழுந்து ஓடினா மானம் போயிடும்.”

“அங்க ஒருத்தர் காட்டுக்கத்தலா கத்துவாராமே? உங்க ஆபீஸ்லேர்ந்து இன்னும் நாலு பேர் இதே வயித்தோட இங்க வர்றாங்க. அஞ்சு பேருமா சேர்ந்து அவர்கிட்டயே சொல்லிடுங்களேன்.”

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“அவர்கிட்ட நீங்களே சொல்லிட்டீங்கம்மா. கத்துறது நான்தான்.”

ஊசிகளை எடுத்ததும் அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, திங்கட்கிழமைக் கூட்டத்தையே அடியோடு நிறுத்திவிட்டார்.