பின்சுவரில் ஒரு கல்

கருவியைக் கல்லில் வைத்ததும் அது கீச்சென்று கத்தியது.

"மறுபடியும் ஈரம்" என்றான் அறிவழகன். கோயில் கல்லுக்கு மருந்தடிக்க அரியலூரிலிருந்து வந்த இன்ஜினீயர்.

சித்திரை வெயில். மழை பெய்து ரெண்டு மாதம். மற்ற கல்லெல்லாம் மருந்து குடித்து முடித்துவிட்டன. பின்சுவரின் நடுக்கல் மட்டும் ஐந்து நாளாகக் காயவில்லை. காயாத கல்லில் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு கல் பொரிந்துவிடுமாம். மேலே ஏறி ஓட்டை தேடினார்கள். சாக்கடையைத் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? விடியும் முன்னே செம்புத் தண்ணீரை ஊற்றுகிறவன் நான்.

எங்கள் தெருவை உள்ளே விடாத காலத்தில், சாமிக்கு நேர் பின்னால் இருக்கும் இந்தக் கல்லில்தான் எங்கள் ஆட்கள் தண்ணீர் ஊற்றினார்கள். கல் உறிஞ்சிவிட்டால் சாமி குளித்த கணக்கு. இப்போது உள்ளே விடுகிறார்கள். என் பெண்சாதி பொன்னாயி அதற்குப் பிறகும் பின்பக்கம்தான் போவாள். இடுப்பு உடைந்து அவள் படுத்தபிறகு செம்பு என் கைக்கு வந்தது.

முதல் நாளே மருந்தடித்த கல்லில் அறிவழகன் தண்ணீர் தெளித்துக் காட்டினான். சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது.

"பாத்தீங்களா பெரியவரே? பத்து வருசத்துக்கு ஒரு சொட்டு குடிக்காது."

பத்து வருசம். பொன்னாயிக்கு அவ்வளவு நாள் கிடையாது.

இன்று கடைசி நாள். நாளைக்கு அவர்களுக்கு வேறு ஊரில் வேலை. சாயங்காலம் வரை பார்ப்போம் என்று கல்லுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"என்ன பெரியவரே, வேட்டிக்குள்ள எறும்பா?" என்று சிரித்தான் மருந்தடிக்கிற ரஞ்சித்குமார்.

மூன்று மணிக்குக் கருவியை வைத்தார்கள். கத்தவில்லை.

ரஞ்சித்குமார் மருந்துக் கேனை அசைத்துப் பார்த்தான். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நாற்றம். "டீ குடிச்சிட்டு அடிச்சிரலாம் சார்" என்றான். இருவரும் முன்வாசலுக்குப் போனார்கள்.

காலையில் பாதிச் செம்பைத்தான் ஊற்றியிருந்தேன். கேன் தூக்கி வருகிறவனை நான் நம்புவதில்லை. மிச்சத்தை அப்போது ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் காலில் கொட்டியது. கல் இழுத்துக்கொண்டு கறுத்தது.

அறிவழகன் திரும்பி வந்து கல்லில் உள்ளங்கையை வைத்தான். என் காலைப் பார்த்தான். செம்பைப் பார்த்தான்.

"இதுல தண்ணி இருந்துச்சே?"

"தாகம். குடிச்சிட்டேன்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு, "கேனை வண்டியில ஏத்துப்பா. இந்தக் கல்லு கசியுது. விட்டுருவோம்" என்றான்.

வண்டி சிமெண்டு லாரிகளுக்கு நடுவே போய் மறையும்வரை நின்றேன். திரும்பி வந்துவிடுவானோ என்று இன்னும் கொஞ்ச நேரமும் நின்றேன்.

வீட்டில் பொன்னாயி கட்டிலில் கிடந்தபடியே கேட்டாள்.

"குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு."

அவள் படுத்து ஆறு மாதம். தினமும் இதையேதான் கேட்பாள். நானும் இதையேதான் சொல்வேன்.

கல்லாவது குடிப்பதாவது என்று, கோயில்வரை போகாமல், பாதி வழியில் இருக்கிற பூவரசங்கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் மருந்துக்காரர்கள் வரும்வரை திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

ஐந்து நாளாக அது வாடிக் கிடக்கிறது.