அத்தானுக்கு ஒரு வெள்ளைச் சட்டை

“இவ்வளவு பெரிய உலகத்துல, கல்யாணம் பண்ணிக்க உனக்கு வேற ஊரே கிடைக்கலையா?”

விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், கம்பித் தடுப்பைப் பிடித்தபடி மாமா பல்லைக் கடித்தார்.

“இங்க கடல் நல்லா இருக்கும் மாமா,” என்றாள் அக்கா மகள்.

“கடல்! உங்கப்பா இருக்கிற ஊர்லயே வெச்சிருந்தா அவர் மேல ஒரு பய கை வைக்க முடியாது. அந்த நாட்டுக்கும் நமக்கும் ஆளைப் பிடிச்சு ஒப்படைக்கிற ஒப்பந்தமே கிடையாது. இங்க அப்படியா? நம்ம வாரண்ட் இங்க செல்லும். பிடிச்சுக் கட்டி அனுப்பிடுவான். வக்கீல் தலைதலையா அடிச்சுக்கிட்டார், கேட்டியா நீ?”

அவள் கையிலிருந்த துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அதில் அப்பாவுக்காக ஒரு வெள்ளைச் சட்டை. அக்கா ஓட்டல் அறையில் உட்கார்ந்து இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பியது.

அதைப் பார்த்தாலும் மாமாவுக்கு எரிச்சல்தான்.

“பொண்ணு கல்யாணத்துல நிக்கப்போற மனுஷனுக்கு ஆபீஸ் கிளார்க் மாதிரி ஒரு சட்டை. உங்கம்மாவுக்கு எப்போ இந்தச் சிக்கனம் வந்துச்சு?”

“தேடித் தேடி எடுத்தாங்க மாமா.”

நாலு வருஷமாக அத்தான் தலைமறைவு. அவருடைய தையல் ஆலையில் தீப்பிடித்த அன்று, பின்பக்கக் கதவு வெளியே பூட்டியிருந்தது. ஒன்பது பெண்கள் வெளியே வரவில்லை. பூட்டச் சொன்னது யார் என்று விசாரணை தொடங்கும் முன்பே அத்தான் விமானம் ஏறிவிட்டார். சாவி வைத்திருந்த வாட்ச்மேன் சிறைக்குப் போனார். முதலாளி வந்து நின்றால்தான் வழக்கு நகரும் என்றார்கள். அவர் வரவில்லை, வாட்ச்மேனும் வெளியே வரவில்லை.

மாமா அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்க முடியுமா? அத்தானுக்கு வேறு பெயரில் பாஸ்போர்ட் வாங்க ஆள் பிடித்ததே அவர்தான்.

“எந்தப் பேர்ல வர்றார்னு உங்கம்மாகிட்டகூட நான் மூச்சு விடல. தாடி வேற வளர்த்திருக்கார். சட்டுனு யாருக்கும் அடையாளம் தெரியாது,” என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். உடனே கோபம் திரும்பி வந்தது. “‘நீங்க வரலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா’ன்னு ஃபோன்ல என்ன அழுகை! கடலோரமா நாலு போட்டோ எடுக்கணும்னு பெத்தவன் கழுத்துல கத்தி வைக்கிற பொண்ண இப்பத்தான் பாக்கறேன். உங்கம்மா அதுக்கு மேல. கிளம்பற அவசரத்துல அந்த வாட்ச்மேன் பெண்டாட்டியப் போய்ப் பாத்துட்டு வர்றா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் கண்ணாடிக் கதவை விட்டு நகரவில்லை.

கதவு திறந்தது. தூங்கும் குழந்தையோடு ஒரு தம்பதி. மூடிக்கொண்டது.

அப்போதுதான் மாமா அந்த ஆளைக் கவனித்தார். பெயர் அட்டை பிடித்து நிற்கும் டிரைவர்களோடு அவனும் நின்றான். மற்றவர்கள் அட்டையைக் கதவுப் பக்கம் காட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். இரண்டடி தள்ளி ஒருத்தி, காதில் எதையோ அழுத்திக்கொண்டு. தூணருகே இன்னொருவன்.

மாமா அவள் காதருகே குனிந்தார்.

“பாப்பா... போலீஸ்.”

ஃபோனை எடுத்தார். “உள்ளேயே எங்கயாவது நின்னுக்கச் சொல்றேன். வெளிய மட்டும் வர வேணாம்னு—”

அவள் கை அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

“வேணாம் மாமா. இப்போ நீங்க ஃபோன் பேசினா நம்ம பக்கம் திரும்புவாங்க. சும்மா நில்லுங்க.”

அதுவும் சரிதான் என்று பட்டது. ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பரவாயில்லை, பெண்ணுக்கு இப்போதாவது புத்தி வேலை செய்கிறது.

கதவு திறந்தது.

தாடியும் தொப்பியுமாக ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். மாமாவுக்கே ஒரு நொடி யாரென்று தெரியவில்லை.

அந்த ஆள் அட்டையைத் திருப்பினான். பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் அதில் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் இருந்தது, கொட்டை எழுத்தில்.

நாலு வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர். அத்தானின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது. தள்ளுவண்டி நின்றது.

அவ்வளவுதான். மூன்று பேரும் அவரைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

அத்தான் கூட்டத்தில் மகளைத் தேடிப் பிடித்தார். கிட்டே வராதே, போய்விடு என்று கண்ணாலேயே ஜாடை காட்டினார்.

அவள் முகம் உடைந்தது. ஆனால் தடுப்புக்கு அடியில் குனிந்து நேரே அவர்களிடம் போனாள்.

“எங்க போறே? உன்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போவாங்க!” மாமா பின்னாலேயே ஓடினார்.

அவள் துணிப்பையை அந்தப் பெண் அதிகாரியிடம் நீட்டினாள். அதிகாரி ஏற்கெனவே பேசிப் பழகியவள் மாதிரி அவள் தோளை லேசாகத் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா அவள் பக்கம் திரும்பினார்.

“பாப்பா... கல்யாணச் சட்டைய எதுக்கு அவங்ககிட்ட...?”

“எனக்குக் கடலே பிடிக்காது மாமா.” புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “இந்த ஊரைப் பாத்து எடுத்தது அம்மா. சட்டையும் அவங்க எடுத்ததுதான். நீதிபதி முன்னாடி நிக்கும்போது அப்பா கசங்கித் தெரியக் கூடாதாம்.”