புகார் எழுதிய கை

"முதல்ல தேதி போடும்மா" என்றார் ஞானசௌந்தரி டீச்சர்.

ஹெப்சி தேதி போட்டாள். பெறுநர், காவல் ஆய்வாளர், சைபர் கிரைம் பிரிவு என்று எழுதினாள். பேனா வழுக்கியது. உள்ளங்கை வேர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

டீச்சருக்கு வலது கை நடுக்கம். கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் அவருடைய ஏ.டி.எம். கார்டிலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் திருடு போன புகாரை, மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஹெப்சிதான் எழுத வேண்டியிருந்தது.

திருடினதும் அவள்தான்.

ஒன்றரை வருஷம் முன்னால், அவள் புருஷன் பென்னியை மறைமலை நகர் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். அதே மாதம்தான், முட்டிவலியோடு ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைத் தாண்டி ஏ.டி.எம்.முக்குப் போக முடியாத டீச்சர், கார்டைக் கொடுத்து, அதன் ரகசிய எண்ணான பின் நம்பரையும் சொல்லி, பென்ஷனில் மாதாமாதம் ஐயாயிரம் எடுத்துவரச் சொன்னார். டீச்சருடைய மகன் ஜேசனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று விஷயத்தை இருவருக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

முதல் மாதமே ஹெப்சி ஏழாயிரம் எடுத்தாள். மகள் ரோஸிக்கு ஸ்கூல் வேன் காசு. பென்னிக்கு வேலை கிடைத்ததும் திருப்பிப் போட்டுவிடலாம் என்று மனசார நம்பித்தான் எடுத்தாள்.

யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் கெடுத்தது. பேங்கிலிருந்து வரும் மெசேஜைக்கூட, கண்ணு தெரியலை, நீயே பார்த்து அழிச்சிடு என்று டீச்சர் அவளிடமே போனை நீட்டுவார்.

முதல் தடவை, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். நாலாவது தடவை, ரசீது வேண்டுமா என்று மெஷின் கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. காய் வாங்கித் தருகிறோம், மாத்திரை வாங்கித் தருகிறோம், ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து சர்ச்சுக்குக் கூட்டிப் போகிறோம், ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க மாட்டாரா என்று மனசு வக்கீல் மாதிரி பேசியது. பென்னிக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் எடுத்தாள். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பட்டுப்புடவைக்கு மட்டும் எந்த வக்கீலும் வரவில்லை. எடுக்க முடிந்தது, எடுத்தாள். ஹெப்சி மாதிரி பெத்த பொண்ணுகூடப் பார்க்காது என்று டீச்சர் சர்ச்சில் நாலு பேரிடம் சொன்னபோது, அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தாள்.

போன வாரம் முட்டி ஆபரேஷனுக்கு முன்பணம் கட்ட டீச்சர் ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டினார். கணக்கில் காசில்லை. பெங்களூரில் ஜேசனுக்கே அஞ்சு மாசமாக வேலை இல்லை, காசுக்கு அவன் எங்கே போவான்? போனில் கத்தினான். பாத்திரம் தேய்க்கிற கனகவல்லி மேல்தான் சந்தேகம் என்றான். இன்றைக்கே புகார் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால், அங்கிருந்தே ஆன்லைனில் ஏற்றிவிடுகிறேன் என்றான்.

"கனகவல்லி பேரைப் போடட்டுமா, டீச்சர்?"

கேட்கும்போதே தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போல இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"வேணாம். அவளுக்கு ஏ.டி.எம். கதவை இழுக்கணுமா தள்ளணுமான்னுகூடத் தெரியாது. யார் மேலயும் சந்தேகம் இல்லைன்னு எழுது."

எழுதினாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மாடியில் ரோஸி வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"அடுத்த வரி. என்னுடைய பின் நம்பரை நான் யாரிடமும் சொல்லவில்லை."

பேனா நின்றது. ஹெப்சி நிமிர்ந்தாள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓஹோ என்றிருந்தது ஹெப்சிக்கு. நம்பரை இன்னொருத்தரிடம் சொன்னோம் என்று ஒத்துக்கொண்டால் பேங்கில் ஒரு பைசா பெயராது. அதற்குத்தான் இந்தப் பொய். முப்பத்தஞ்சு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர், சர்ச்சில் முதல் பெஞ்சு விட்டு நகராதவர், காசு என்றதும் போலீஸுக்கே பொய் எழுதச் சொல்கிறார். போன வாரத்திலிருந்து அடைத்துக்கிடந்த மூச்சு அவளுக்கு இப்போதுதான் சீராக வந்தது. எல்லாரும் இப்படித்தான். நான் ஒருத்தி மட்டும் என்ன?

அந்த வரியை மட்டும் முத்து முத்தாக எழுதினாள்.

டீச்சர் கையெழுத்துப் போட்டார். ஹெப்சி படம் பிடித்து ஜேசனுக்கு அனுப்பினாள். மனசு லேசானதில் வாயும் கொஞ்சம் தாராளமானது.

"கவலைப்படாதீங்க, டீச்சர். பேங்குல பணத்தைத் திருப்பிப் போட்டுடுவாங்க."

"போட மாட்டாங்கம்மா. நேத்தே ஆட்டோ பிடிச்சுப் போய்க் கேட்டுட்டேன். சரியான பின் நம்பர் போட்டு எடுத்திருக்கு, நாங்க பொறுப்பில்லைன்னுட்டாங்க." டீச்சர் முட்டியைத் தடவிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணி, பெட் வேணாம்னு சொல்லியாச்சு. இனிமே இந்தக் காலோட இப்படியேதான்."

ஹெப்சிக்குப் புரியவில்லை. பணமும் வராது என்றால் எதற்கு அந்த வரி?

"அப்புறம் ஏன் டீச்சர், யார்கிட்டயும் சொல்லலைன்னு..."

வாய் தவறிக் கேட்டுவிட்டாள். டீச்சர் அவளை நேராகப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"சொன்னேன்னு எழுதினா, யார்கிட்டன்னு கேப்பாங்களே, ஹெப்சி."