ஒலிந்தா சொன்ன 'நீ'

"அந்த ஒலிந்தாவை வேலையை விட்டு நிறுத்தணும், முசியே! இன்னிக்குச் சாயங்காலக் கூட்டத்துலயே!"

குடியிருப்போர் சங்கத் தலைவர் தெலோர்ம் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, மதாம் வெர்னே வெடித்தாள். பிரான்சின் லியோன் நகரத்தில், அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் படி கழுவி, தபால் பிரித்துப் போடுகிறவள் ஒலிந்தா.

"ஏன், எதுவும் திருட்டுப் போச்சா?"

"திருடியிருந்தாத் தேவலையே! நீதிபதி சம்சாரம் பக்கத்துல நிக்கறா. இவ என்னைப் பார்த்து, 'உனக்குப் பார்சல் வந்திருக்கு'ங்கறா. உனக்காம்!"

"வாய் தவறியிருக்கும், மதாம்."

"எப்படித் தவறும்? கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ நான். மாமியாரோட எத்தனையோ சண்டை. ஒருநாளாவது என் வாயில 'நீ' வந்திருக்குமா? படி கழுவறவளுக்கு இவ்வளவு கொழுப்பா!"

"வேலை போனா, கீழ அவங்க குடியிருக்கிற அறையும் போயிடும். அறுபது வயசுல எங்கே போவாங்க?"

"மரியாதை தெரியாதவ எங்கே போனா எனக்கென்ன?" படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஒலிந்தா! மேல வா! என்னை என்னன்னு கூப்பிட்டே? நீயே இவர்கிட்ட சொல்லு!"

ஒலிந்தா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"உக்காருங்க, ஒலிந்தா" என்றார் தெலோர்ம்.

உட்காரவில்லை. "'நீ'ன்னு சொன்னது வாஸ்தவம், முசியே. போர்ச்சுகல்லேர்ந்து வந்த புதுசுல, பிரெஞ்சு வகுப்புல டீச்சரம்மா சொன்னாங்க. இங்கே பெரியவங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் 'நீங்க'ன்னுதான் பேசிக்கணுமாம். யாராவது நம்மளை 'நீ'ன்னா, சிநேகிதியா ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தமாம். நாமளும் 'நீ'ன்னுதான் சொல்லணுமாம். இல்லாட்டி அவங்க மனசு சங்கடப்படுமாம்."

"அதுக்கு?" மதாம் வெர்னே சீறினாள்.

"இந்தக் கட்டடத்துல எல்லாரும் என்னை 'நீங்க'ன்னுதான் கூப்பிடறாங்க. பதினோரு வருஷமா இவங்க ஒருத்தங்கதான் 'நீ'ன்னு கூப்பிடறாங்க. பதிலுக்குச் சொல்ல எனக்குத்தான் தைரியம் வரல. இன்னிக்குப் பார்சல் மேல பிறந்தநாள் வாழ்த்துன்னு போட்டிருந்துது. 'நீ'ன்னு சொன்னா சந்தோஷப்படுவாங்கன்னு..."

தெலோர்ம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஒலிந்தா மதாம் வெர்னே பக்கம் திரும்பினாள்.

"நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மதாம். நீங்க எப்பவும்போல 'நீ'ன்னே சொல்லுங்க. நான் 'நீங்க'ன்னே சொல்லிக்கிறேன்."