இளம்பரிதியின் படத்திறப்பு

அன்று காலை இளம்பரிதி சாம்பாரைச் சுவைத்துவிட்டு, உப்பு போதவில்லை என்று விரல்களால் சொன்னார். மரகதமும் கையாலேயே திட்டினாள். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போன கணவரை மதியம் உடலாகத்தான் கொண்டுவந்தார்கள்.

பதினாறாம் நாள் வீட்டிலேயே படத்திறப்பு. இப்போதெல்லாம் துணியை விலக்கியதும் படத்தில் இருப்பவரே அசைந்து பேசி விடைபெறுவதுதான் வழக்கம். கொழுந்தன் தணிகை ஒரு புகைப்படத்தை ஏ.ஐ. ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தான்.

துணி விலகியது. பிறவியிலிருந்தே காது கேளாத, வாய் பேசாத இளம்பரிதி கணீரென்று சொன்னார்: "மரகதம், தைரியமா இரும்மா."

"என்ன குரல்டி! இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தான்?" என்று பெரிய நாத்தனார் விம்மினாள்.

மரகதம் அவர் கைகளையே பார்த்தாள். அவை மடியில் அசையாமல் கிடந்தன.

"அவருக்குப் பேச வராதுன்னு அவங்ககிட்ட சொல்லலையா தம்பி?"

"படத்தை மட்டும்தான் கேட்டாங்க அண்ணி. எனக்கும் ஒரு தடவை அண்ணன் பேசிக் கேக்கணும்னு ஆசை."

"அது யாரு குரல்?"



மரகதம் கண்ணை மூடிக் கணவரை நினைத்துப் பார்த்தாள். கைகள் வரவில்லை. அந்தக் குரல்தான் வந்தது.

தாமதமாக வந்த யாரோ வாசலில் சுவிட்சை அழுத்தினார்கள். அந்த வீட்டில் மணி கிடையாது. இளம்பரிதி பார்ப்பதற்காக மாட்டியிருந்த பல்புதான் கூடத்தில் எரிந்தது.