இன்னா வராத இன்டர்வியூ

"'இன்னா' வரவே கூடாது. 'என்ன'. எங்க, ஒருவாட்டி சொல்லு பாப்போம்."

"என்ன," என்றாள் ரேணுகா.

"சூப்பரு. அப்டியே மெயின்டெய்ன் பண்ணு," என்றான் அவள் கணவன் ஜெயக்குமார். மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அன்று சவாரியை விட்டுவிட்டு ஓட்டைப் பனியனும் லுங்கியுமாக மனைவிக்குத் தமிழ் வாத்தியாராகியிருந்தான்.

பதினொரு மணிக்கு ரேணுகாவுக்கு லேப்டாப்பில் நேர்காணல். ஒரு லேப்டாப் கம்பெனியின் கஸ்டமர் கேரில், வீட்டிலிருந்தபடியே போனில் பேசுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தவள் அவள். மெஷினைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். பயமெல்லாம் பேச்சைப் பற்றித்தான். போன தடவை வேறொரு கம்பெனி நேர்காணலில், 'இன்னா சார் கேட்டீங்க?' என்று வாய் தவறியதும் எதிரில் இருந்தவர் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

இங்கேயோ, சொன்ன நேரத்துக்கு வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று நேர்காணல் நடத்தும் ஹெலன் மேடம் மெயிலிலேயே கறாராகப் போட்டிருந்தார். வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை. இதையும் கோட்டைவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

நேரமானதும் ரேணுகா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சாமியை நினைத்துக்கொண்டு, மெயிலில் வந்திருந்த லிங்கைத் தட்டினாள். ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டப் போனாள். பொசுக்கென்று திரை கறுத்துப் போனது.

ஜெயக்குமாரின் முகம் அதைவிடக் கறுத்தது. "இன்னா ரேணு, மிஷினு செத்துட்ச்சா?"

ரேணுகாவுக்குப் பழைய கடைப் பழக்கம், கண் தானாக வேலையைப் பார்த்தது. ஹெட்போனை மேஜைமேல் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"சாவல. மேல கேமரா லைட்டு எரிஞ்சிகினு கீது பாரு. உசுரு கீது, டிஸ்ப்ளேதான் அவுட்டு. டார்ச்சை எடு."

செல்போன் டார்ச்சைத் திரைக்கு நெருக்கமாகப் பிடித்து, உள்ளே மங்கலாகவாவது படம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னாள். தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். ஜெயக்குமார் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், மறு கண்ணை மூடிப் பார்த்தான். டார்ச்சை மேலும் கீழும் ஆட்டினான். ஒன்றுமே தெரியவில்லை, கும்மிருட்டு என்றான்.

மேஜைமேல் கிடந்த ஹெட்போன் கொசு மாதிரி ஙொய் என்றது. ரேணுகா அதைத் தள்ளி வைத்தாள்.

அடுத்து, மூடியை மெதுவாகப் பின்னால் சாய்க்கச் சொன்னாள். அவன் வெடுக்கென்று சாய்த்தான். திட்டாமல், கோபப்படாமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மறுபடி சொன்னாள். இந்தத் தடவை பாதி சாய்ந்தபோது திரை பளிச்சென்று மின்னி அணைந்தது. ரேணுகா துள்ளிவிட்டாள்.

"பாத்தியா, பேனலு நல்லா கீது. கேபிள்தான் லூசு. மூடியைத் தெறந்து தெறந்து மூடசொல்ல கீல்கிட்ட ஆடிப் போயிருக்கும். கழட்டி மாட்டினா சரியாப்பூடும்."

கழற்றி மாட்ட நேரம் ஏது? அவர்கள் இந்நேரம் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. அதைப் பார்த்த ஜெயக்குமாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் காத்துகினு இருந்தா தேஞ்சா பூடுவாங்க? அந்த மேடம் இன்னா பெரிய கலெக்டரா?"

"யோவ், 'என்ன'ன்னு சொல்லுயா. எனக்கும் அதே வந்துடப் போவுது," என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். சுவரில் டிவி இருந்தது.

டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவில் போகிற ஒயரைப் பிடுங்கச் சொன்னாள். எந்த ஒயர் என்று அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

"மஞ்சா செவப்புன்னு மூணு கீதே, அது இல்ல. கறுப்பா, வாயி தட்டையா ஒண்ணு கீதா? ஆங், அதான். பயப்படாத, ஷாக்கு அடிக்காது. பாக்ஸாண்ட கீற முனையை மட்டும் இழு."

இழுத்தான். அந்த முனையை லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினாள். டிவி ஒரு நொடி நீலமாகி, பிறகு பளீரென்று வெளிச்சமானது.

டிவியில் மூன்று கட்டங்களில் மூன்று பேர். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது கட்டத்தில் விறைத்துப்போன ரேணுகா. அவளுக்குப் பின்னால் ஓட்டைப் பனியனோடு ஜெயக்குமார். அடுத்த நொடி அவன் மேஜைக்கு அடியில் இருந்தான்.

ரேணுகா ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பிலிருந்து சிரிப்பு அறைக்குள் கொட்டியது. அவள் மனப்பாடம் செய்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு, "மன்னிக்க வேண்டும் மேடம், என்ன நடந்தது என்றால்..." என்று ஆரம்பித்தாள்.

நடுக் கட்டத்தில் இருந்த ஹெலன் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா புச்சா 'என்ன'ங்கிற? நீ லிங்கைத் தட்டினதுலேர்ந்து பாத்துகினுதான் கீறோம், இன்டர்வியூ முடிஞ்சி போச்சு. நான் கலெக்டர் இல்ல, செய்யூர்க்காரி; இந்தப் பக்கத்துலேர்ந்து போன் பண்றவங்க எல்லாரும் உன் வூட்டுக்காரர் மாறிதான் பேசுறாங்க, அதனால திங்கக்கெழம வேலைக்கு வரசொல்ல அந்த 'இன்னா'வை மட்டும் வுட்டுட்டு வந்துடாத."