உடலுக்கு உரியவள்

"அந்த உடம்ப அவகிட்ட குடுத்தீங்கன்னா நான் கோர்ட்டுக்குப் போவேன் டாக்டர்," என்றாள் செசில்.

"போயேன். யாரு வேணாம்னா?" என்றாள் அமுதவல்லி. "நாலு வருஷமா என் வூட்டுல சோறு தின்ன மனுஷன். செத்ததும் உனக்குப் புருஷன் ஆயிடுவாரா?"

டாக்டர் சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்கிறவர். பிணங்களால் அவருக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை, சொந்தக்காரர்களால்தான்.

செசில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண். அத்ரியானோடு மாதா கோயிலில் மோதிரம் மாற்றி, மேரி என்று ஊரில் சொல்லும் நகராட்சி ஆபீஸில் பதிவும் செய்துகொண்டவள். அமுதவல்லி பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. அத்ரியான் செசிலை விட்டுவிட்டு வந்து இவள் கழுத்தில் தாலி கட்டினான். ஆளுக்கொரு பெண் குழந்தை.

2006 பொங்கல் முடிந்த வாரம் அத்ரியான் காணாமல் போனான். அடுத்த மாதம் பிள்ளைச்சாவடிக் கடலோரம் ஓர் ஆண் உடல் ஒதுங்கியது. முகம் அடையாளம் தெரியவில்லை. ஆனால் இடது காலில் இரண்டு விரல்கள் எப்போதோ அறுவை செய்து எடுக்கப்பட்டிருந்தன. சர்க்கரை வியாதியில் அத்ரியானுக்கும் அதே காலில் அதே விரல்கள் போயிருந்தன. இரண்டு பெண்களும் தனித்தனியாக வந்து பார்த்தார்கள். இரண்டு பேரும், "இவருதான்," என்றார்கள்.

காலை மட்டும் பார்த்து முடிவு சொல்ல டாக்டர் ஒப்பவில்லை. இரண்டு குழந்தைகளின் ரத்தத்தையும் தாய்மாரின் ரத்தத்தையும், உடலிலிருந்து எடுத்த எலும்பையும் டி.என்.ஏ. சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்பினார். இன்று போனில் முடிவு சொல்வதாக அங்கிருந்து தகவல். அதற்காகத்தான் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். ஒரே நேரத்துக்கு வரச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"எங்க குடும்பக் கல்லறை உப்பளத்துல இருக்கு," என்றாள் செசில். "பெட்டியில வச்சு, ஆணி அடிச்சு, மேல சிமெண்ட் பூசி முடிக்கிற வரைக்கும் நான் அங்கயே நிப்பேன். அது என் உரிமை."

"கல்லறையும் வேணாம் ஒண்ணும் வேணாம். எரிக்கணும். என் கண்ணு முன்னால சாம்பலாவணும்."

"அவரு ஞானஸ்நானம் வாங்குனவரு. எரிக்கிறதெல்லாம் உங்க ஊருல வச்சுக்க."

"எங்க ஊருன்னா உனக்கு எளக்காரமா? உன்கூட வாழ முடியாமதான என்கிட்ட வந்தாரு."

"உன்ன மாதிரி ஒருத்தி பல்லக் காட்டுனா எவனும் வருவான்."

அமுதவல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசலில் நின்ற ஏட்டு கண்ணையன் வேகமாக உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"உக்காருங்கம்மா ரெண்டு பேரும். ஆஸ்பத்திரி இது."

டாக்டர் பேச்சை மாற்றப் பார்த்தார். "அவருக்கு எவ்வளவு நாளா சுகர்? இன்சுலின் போட்டுக்கிட்டாரா?"

"கல்யாணமான புதுசுலேந்தே போட்டுக்கிறாரு," என்றாள் செசில்.

"என் வூட்டுல நான்தான் போட்டுவுடுவேன்," என்று அமுதவல்லி முந்திக்கொண்டாள். "ஊசி போட்டதும் சோறு எதுருல இருக்கணும் அவருக்கு. ஒரு நாளு ஷிப்ட் முடிஞ்சி வர நேரமாயிடுச்சி..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள்.

செசில் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். குத்தலாக ஏதாவது சொல்லுவாள் என்று ஏட்டு எதிர்பார்த்தார். அவள் பார்வை அமுதவல்லி மூடிய தோளுக்குப் போய் அங்கேயே நின்றது.

போன் அடித்தது. டாக்டர் எடுத்துக் கேட்டார். "குழப்பம் ஒண்ணும் இல்லையே? நல்லாப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மெதுவாக ரிசீவரை வைத்தார்.

"ரெண்டு குழந்தைக்கும் அப்பா ஒருத்தர்தான். அதுல சந்தேகமில்ல," என்றார். "ஆனா உள்ள இருக்கிறது அந்த அப்பா இல்ல. இது வேற யாரோ. சுகர்ல விரல் போனவங்க இந்த ஊர்ல நெறைய பேர் இருக்காங்க."

கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்படின்னா?" அமுதவல்லியின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"அத்ரியான் செத்துட்டாருன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு அர்த்தம். எங்கயாவது உயிரோட இருக்கலாம்." டாக்டர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "நல்ல சேதிதானம்மா. சண்டைய விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. இன்னைக்கோ நாளைக்கோ வந்து கதவத் தட்டுவாரு."

அமுதவல்லி எழப் பார்த்தாள். பாதியில் மறுபடி உட்கார்ந்து, முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். செசிலின் கை நெற்றிவரை போயிற்று. சிலுவை போடாமல் அப்படியே இறங்கிவிட்டது. ஒருவருக்கும் நன்றி சொல்லாமல் இருவரும் வெளியே வந்தார்கள்.

மருத்துவமனை வாசலில் பாகூர் பஸ் வந்து நின்றது. அமுதவல்லி ஏறவில்லை. அது போய், அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. அவள் இடத்தை விட்டு அசையவில்லை.

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு அவளைத் தாண்டிப் போன செசில், கொஞ்ச தூரத்தில் நிறுத்தித் திருப்பினாள். அவள் எதிரே வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"ஏய்," என்றாள். குரலில் அந்தக் கடுப்பு அப்படியே இருந்தது. "பொண்ணக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. ரெண்டு பேரா இருந்தா கை ஓங்க யோசிப்பான்."